நடுவில் இருக்கும் கடைசி நீதிமன்றம்

2017 பிப்ரவரியில் ஓர் இரவு. கலிஃபோர்னியாவின் தென்கோடியில், சான் இசிட்ரோ அருகே மெக்சிகோ எல்லையைத் தாண்டி வந்த ஓர் இலங்கைத் தமிழரை எல்லைக் காவலர்கள் பிடித்தார்கள். அமெரிக்க மண்ணில் அவர் நடந்திருந்த தூரம் 25 கஜம். ஊரில் விவசாயம் பார்த்தவர். வேனில் வந்தவர்கள் தன்னைக் கடத்திப்போய்க் கட்டிவைத்து அடித்தார்கள் என்று புகலிட அதிகாரியிடம் சொன்னார். அடிபட்டதை அதிகாரி நம்பினார். ஆனால் அடித்தவர்கள் யார், எதற்காக அடித்தார்கள் என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. ஆகவே இனத்துக்காகவோ அரசியலுக்காகவோ நடந்த கொடுமை என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது என நிராகரித்துவிட்டார். மேலதிகாரி அதை ஆமோதித்தார். குடிவரவு நீதிபதியும் ஆமோதித்தார். 1996-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். உடனடி நாடுகடத்தல் உத்தரவை எதிர்த்து நீதிமன்றம் போவதற்கான வழிகளை அந்தச் சட்டம் ஏறக்குறைய முழுவதும் அடைத்துவிட்டிருந்தது.

அவர் ஆட்கொணர்வு மனு போட்டார். தனக்கு இதை விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்று மாவட்ட நீதிமன்றம் கைவிரித்தது. மேல்முறையீடு, ஒன்பதாவது சர்க்யூட் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 2019 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆட்கொணர்வு மனுவை முடக்கக் கூடாது என்று அரசியல் சாசனமே சொல்லியிருக்கும்போது, நாடுகடத்தல் உத்தரவில் சட்டப் பிழை இருக்கிறதா என்று ஒரு நீதிபதிகூடப் பார்க்க முடியாதபடி கதவை அடைப்பது செல்லாது என்பது அதன் சாரம்.

தீர்ப்பை எழுதியவர் ஏ. வாலஸ் டஷிமா. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. அரிசோனா பாலைவனத்தின் போஸ்டன் முகாமில் அடைக்கப்பட்ட சிறுவர்களில் டஷிமாவும் ஒருவர். அந்தச் சிறுவன் வளர்ந்து நீதிபதியாகி, எங்கோ இலங்கையிலிருந்து தப்பி வந்த ஒரு விவசாயியின் மனுவைப் படித்திருக்கிறார். தீர்ப்பில் தன் கதையை அவர் சொல்லவில்லை. சட்டத்தை மட்டுமே எழுதினார்.

2020 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் இந்தத் தீர்ப்பைக் கவிழ்த்தது. நீதிபதி சோனியா சோட்டோமேயர் நீண்ட எதிர்த்தீர்ப்பு எழுத, எலினா கேகன் அதில் சேர்ந்துகொண்டார்.

உலகச் செய்திகளில் இடம்பெற்றது உச்ச நீதிமன்றத்தின் முடிவுதான். ஆனால் இந்த வழக்கு ஒரு விதிவிலக்கு. ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய 40,000 வழக்குகள் வருகின்றன. உச்ச நீதிமன்றம் ஓர் ஆண்டில் முழுமையாக விசாரித்துத் தீர்ப்பு எழுதுவது 60, 70 வழக்குகளில்தான். அதாவது நடுவில் இருக்கும் நீதிமன்றம்தான் பெரும்பாலானவர்களுக்குக் கடைசி நீதிமன்றம். கருக்கலைப்பு, துப்பாக்கி, அதிபரின் அதிகாரம் என்று உச்ச நீதிமன்றத்தையே நம் பத்திரிகைகளும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. கைதியின் 20 ஆண்டுத் தண்டனை நிற்குமா, வேலையிலிருந்து நீக்கப்பட்ட பெண்ணின் வழக்கு நடக்குமா, ஒரு குடும்பம் நாடுகடத்தப்படுமா என்பதெல்லாம் முடிவாவது ஊடக வெளிச்சம் விழாத இந்த இடத்தில்.

சாட்சி இல்லாத நீதிமன்றம்

1891 வரை அமெரிக்காவில் இப்படியொரு தனி நடு அடுக்கு கிடையாது. உச்ச நீதிமன்ற நீதிபதிகளே ஊர் ஊராகப் பயணம் செய்து வழக்கு கேட்டார்கள். தலைநகரில் கோப்புகள் மலையாகக் குவிந்தன. அந்த ஆண்டு மார்ச்சில் எவர்ட்ஸ் சட்டம் வந்தது. மேல்முறையீட்டுக்கென்றே நீதிமன்றங்கள் பிறந்தன. இன்று 94 மாவட்ட நீதிமன்றங்களுக்கு மேலே 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இருக்கின்றன. எண்ணிட்ட 11 சர்க்யூட்டுகள், தலைநகர் வாஷிங்டனுக்கு ஒன்று, காப்புரிமை போன்ற துறைகளுக்காக 1982-ல் ஏற்படுத்திய ஃபெடரல் சர்க்யூட் ஒன்று. அளவில் பெரியது ஒன்பதாவது சர்க்யூட். அலாஸ்கா முதல் அரிசோனா வரை, ஹவாயையும் குவாமையும் சேர்த்து, 29 நீதிபதிகள். பாஸ்டனில் இருக்கும் முதலாவது சர்க்யூட்டுக்கு ஆறே பேர்.

இங்கே சாட்சிக் கூண்டு இல்லை, ஜூரி இல்லை. கீழ்நீதிமன்றப் பதிவேடு ஒரு பக்கம்; இரு தரப்பும் எழுதித் தரும் வாதக் குறிப்புகள் இன்னொரு பக்கம். பிரதான வாதக் குறிப்பு 13,000 சொற்களைத் தாண்டக் கூடாது என்பது விதி. வாய்மொழி வாதம் கிடைத்தால் தரப்புக்குப் பல இடங்களில் கால் மணி நேரம். வழக்கறிஞர் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீதிபதி கேள்வி கேட்டுவிடுவார். பெரும்பாலான வழக்குகளுக்கு அந்தக் கால் மணி நேரமும் கிடைப்பதில்லை. காகிதத்திலேயே முடிவாகின்றன.

முதல்முறை மேல்முறையீடு செய்கிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது ஒரு விஷயத்தில். ‘நடந்தது என்ன’ என்று இந்த நீதிமன்றம் மறுபடி விசாரிக்கும் என எதிர்பார்ப்பார்கள். அது நடக்காது. சட்டத்தைக் கீழ்நீதிபதி தவறாகப் புரிந்துகொண்டாரா என்பதை மட்டும்தான் புதிதாகப் பார்ப்பார்கள். யார் பொய் சொன்னார், யார் உண்மை சொன்னார் என்று சாட்சியின் முகத்தைப் பார்த்து எடுத்த முடிவில் கைவைக்க மிகவும் தயங்குவார்கள். சிகாகோவில் உள்ள ஏழாவது சர்க்யூட் 1988-ல் இதை விளக்கிய விதம் வழக்கறிஞர்கள் மத்தியில் இன்றும் பிரபலம். கீழ்நீதிபதியின் முடிவு வெறுமனே தவறாகத் தோன்றினால் போதாதாம். குளிர்பெட்டியில் வைக்காமல் ஐந்து வாரம் கிடந்த செத்த மீன் எப்படி நாறுமோ அப்படி முகத்தில் அடிக்க வேண்டுமாம்.

இந்தத் தயக்கத்துக்கு நியாயம் இருக்கிறது. வியர்க்கும் நெற்றியையும் தடுமாறும் குரலையும் தட்டச்சுப் பிரதியில் பார்க்க முடியாது. எனக்கு உறுத்துவது வேறொன்று. பிழை நடந்திருக்கிறது, ஆனால் அதனால் முடிவு மாறியிருக்காது என்று சொல்லித் தீர்ப்பை உறுதி செய்யும் வழக்கம் அங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சேர்க்கக் கூடாத சாட்சியத்தைச் சேர்த்தது தவறுதான் என்று நீதிபதிகள் ஒப்புக்கொள்வார்கள். அந்தச் சாட்சியம் இல்லாவிட்டாலும் ஜூரி இதையே முடிவு செய்திருக்கும் என்று அடுத்த பத்தியில் எழுதுவார்கள். அந்த 12 பேரை இவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. சாட்சியின் முகத்தைப் பார்க்காததால் உண்மையைத் தொட மாட்டோம் என்கிறவர்கள், பார்க்காத ஜூரியின் மனதைப் படித்துவிட்டதாகச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

நியூயார்க்கில் குற்றம், சான் ஃபிரான்சிஸ்கோவில்?

குற்ற வழக்குகளில் மேல்முறையீடு ஏறக்குறைய ஒருவழிப் பாதை. இந்தியாவில் விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்யலாம். அமெரிக்காவில் ஜூரி ‘குற்றவாளி இல்லை’ என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. தண்டனை பெற்றவர் மட்டுமே மேலே போகிறார். முதல் மேல்முறையீட்டில், வசதியில்லாதவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1963-ல் தீர்ப்பளித்தது. ஆனால் ஃபெடரல் குற்ற வழக்குகளில் தண்டனை பெறுவோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் விசாரணைக்கே போகாமல் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்கள். ஒப்புதல் பத்திரத்திலேயே மேல்முறையீட்டு உரிமையையும் பலர் எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள்.

எழுதிக்கொடுக்காமல் போராடியவர்களில் ஒருவர் ராஜ் ராஜரத்தினம். கொழும்பில் பிறந்த தமிழர். நியூயார்க்கில் கேலியன் என்ற பெரும் முதலீட்டு நிறுவனத்தைக் கட்டியெழுப்பியவர். நிறுவனங்களின் உள் ரகசியங்களைப் பெற்றுப் பங்கு வர்த்தகம் செய்தார் என்று 2009 அக்டோபரில் கைதானார். 2011 மே மாதம் 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. 11 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவரைச் சிக்கவைத்தது அவருடைய குரல். போதைமருந்துக் கும்பல்களுக்கு எதிராகப் பயன்பட்டுவந்த தொலைபேசி ஒட்டுக்கேட்பை, பங்குச்சந்தை வழக்கில் அவ்வளவு விரிவாக அரசு பயன்படுத்தியது அதுவே முதல்முறை.

மேல்முறையீட்டில் அவருடைய வழக்கறிஞர்கள் ‘அவர் செய்யவில்லை’ என்று வாதாடவில்லை. வேறு வழிகளில் விசாரித்துப் பார்த்தும் பலனில்லை என்றால்தான் ஒட்டுக்கேட்க அனுமதி தரலாம் என்பது சட்டம். பங்குச்சந்தை ஆணையம் ஏற்கெனவே ஆவணங்களைத் திரட்டி, ஆட்களை விசாரித்து, நீண்ட நாளாக வழக்கைக் கட்டிக்கொண்டிருந்தது. அனுமதி கேட்ட மனுவில் அரசு இதை நீதிபதியிடம் சொல்லவில்லை. மறைத்துப் பெற்ற அனுமதி செல்லாது, பதிவுகளைத் தூக்கி எறியுங்கள் என்றார்கள். விசாரணை நீதிபதி ரிச்சர்ட் ஹோல்வெல்லுக்கே அந்த மறைப்பு பெரிய குறையாகத்தான் பட்டது. சொல்லியிருந்தாலும் அனுமதி கிடைத்திருக்கும் என்று கூறிப் பதிவுகளை ஏற்றுக்கொண்டார். 2013 ஜூனில் நியூயார்க்கில் உள்ள இரண்டாவது சர்க்யூட் அதற்கும் ஒரு படி மேலே போனது. அரசு அலட்சியமாக உண்மையை மறைத்தது என்றே சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்துத் தண்டனையை உறுதி செய்தது. ராஜரத்தினம் குற்றமற்றவர் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆனால் அனுமதி கேட்டு வரும் அரசு முழு உண்மையையும் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை, எந்தச் சாமானியருக்கும் ஒரு பாதுகாப்பு. அன்று அது கொஞ்சம் தேய்ந்தது.

அதன்பிறகு நடந்ததுதான் இந்த நீதிமன்றங்களின் உண்மையான பலத்தைக் காட்டியது. 2014 டிசம்பரில் அதே இரண்டாவது சர்க்யூட், இரண்டு ஹெட்ஜ் ஃபண்ட் மேலாளர்களின் தண்டனையை ரத்து செய்தது. ரகசியத்தைக் கசியவிட்டவருக்கு அதனால் உருப்படியான லாபம் ஏதாவது கிடைத்திருக்க வேண்டும். தகவல் வாங்கியவருக்கு அது தெரிந்தும் இருக்க வேண்டும். வெறும் நட்பு போதாது என்றது. இந்தத் தீர்ப்பால் வால் ஸ்ட்ரீட் வழக்குகள் வரிசையாகச் சரிந்தன. அரசு வழக்கறிஞர் ப்ரீத் பராரா மறுபரிசீலனை கேட்டார், கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்தது. ஏற்கெனவே தொடுத்த வழக்குகள் சிலவற்றை அவரே திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

மறுகரையில், சான் ஃபிரான்சிஸ்கோவில், ஒன்பதாவது சர்க்யூட்டின் முன் வேறொரு வழக்கு இருந்தது. முதலீட்டு வங்கி அதிகாரி ஒருவர் தன் அண்ணனிடம் ரகசியத்தைச் சொன்னார். அண்ணன் அதை அந்த அதிகாரியின் மைத்துனரிடம் சொன்னார். மைத்துனர் பங்கு வாங்கினார். பணம் கைமாறவில்லை. நியூயார்க் தீர்ப்பை அப்படியே பின்பற்றினால் அவர் தப்பிவிடலாம். 2015 ஜூலையில் ஒன்பதாவது சர்க்யூட் அதைப் பின்பற்ற மறுத்தது. உறவினருக்குப் பரிசாகத் தகவல் கொடுப்பதே ஆதாயம்தான் என்றது. தீர்ப்பை எழுதியவர் யார் தெரியுமா? நியூயார்க் மாவட்ட நீதிபதி ஜெட் ரேகாஃப். ராஜரத்தினத்துக்குத் தகவல் தந்ததற்காக ரஜத் குப்தாவுக்குத் தண்டனை விதித்த அதே ரேகாஃப். அன்றைக்கு அந்த அமர்வில் விருந்தினராக உட்கார்ந்திருந்தார். தன் ஊரில் மேல்நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டவர், 4,000 கிலோமீட்டருக்கு அப்பால் அதே மேல்நீதிமன்றத்தோடு முரண்பட்டார்.

ஒன்றரை ஆண்டுக் காலம் ஒரே ஃபெடரல் சட்டம் இரு கரைகளில் இரண்டு விதமாக இருந்தது. 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஒன்பதாவது சர்க்யூட்டின் பக்கம் நின்றது. இடைப்பட்ட காலத்தில் ஒருவர் ஜெயிலில் இருப்பதா வீட்டில் இருப்பதா என்பதை அவர் எந்த ஊரில் மாட்டினார் என்பதே தீர்மானித்தது. இப்படிப்பட்ட முரண்பாடுகளில் பலவற்றை உச்ச நீதிமன்றம் பல ஆண்டுகள் தீர்க்காமலே விட்டுவைக்கிறது.

மாவு மூட்டைகளும் ஒரு சூத்திரமும்

சிவில் வழக்குகளில் கதை இன்னும் அமைதியாக நடக்கும். பலன் இன்னும் தூரம் போகும். 1944 ஜனவரியில் நியூயார்க் துறைமுகத்தில் அரசின் மாவு மூட்டைகளை ஏற்றிய ‘அன்னா சி’ என்ற சரக்குப் படகு, கயிறு அவிழ்ந்து நகர்ந்தது. ஓர் எண்ணெய்க் கப்பலில் மோதியது. அந்தக் கப்பலின் சுழல் விசிறி அடிப்பாகத்தைக் கிழிக்க, மாவோடு மூழ்கியது. படகில் இருக்க வேண்டிய காவலாளை 21 மணி நேரமாகக் காணோம். அவர் இருந்திருந்தால் ஓட்டையைக் கவனித்துக் காப்பாற்றியிருக்கலாம்.

வழக்கு இரண்டாவது சர்க்யூட்டில் லேர்னட் ஹேண்டிடம் வந்தது. உச்ச நீதிமன்றத்துக்குப் போகாமலே அமெரிக்காவின் மிகப் பெரிய நீதிபதிகளில் ஒருவராக மதிக்கப்படுகிறவர் அவர். 1947-ல் எழுதிய தீர்ப்பில் கவனக்குறைவை அளக்க ஓர் எளிய கணக்கைச் சொன்னார். விபத்து நடக்கும் சாத்தியத்தை அதனால் வரக்கூடிய நஷ்டத்தோடு பெருக்குங்கள்; அதைத் தடுக்க ஆகும் செலவு அந்தத் தொகையைவிடக் குறைவாக இருந்தும் தடுக்காவிட்டால், அது கவனக்குறைவு. பரபரப்பான துறைமுகம், போர்க்காலம், ஜனவரியின் குறுகிய பகல்; பகல் வேலை நேரத்தில் ஓர் ஆள் படகில் இருப்பது பெரிய செலவில்லை. படகுக்காரர் நஷ்டத்தில் பங்கு ஏற்க வேண்டும்.

இன்று அமெரிக்கச் சட்டக் கல்லூரி மாணவர் யாரும் இந்தக் கணக்கைப் படிக்காமல் வெளியே வருவதில்லை. மாவு மூட்டைக்கு இது அருமையான கணக்கு. மனித உயிருக்கும் இதையே போடும்போது எனக்கு உடன்பாடில்லை. பெருக்கலின் ஒரு பக்கத்தில் குழந்தையின் விலையை யார் எழுதுவது? ஆனாலும் ஹேண்ட் தன் காரணத்தை வெளிப்படையாக எழுதிவைத்தார். அதனால்தான் 75 ஆண்டுகள் கழித்தும் அவரோடு சண்டை போட முடிகிறது.

ஐந்தாவது சர்க்யூட்டின் நால்வர்

இந்த நீதிமன்றங்களின் வரலாற்றில் எனக்கு மிகவும் நெருக்கமான பக்கம் 1960-களின் ஐந்தாவது சர்க்யூட். டெக்சஸ் முதல் ஃபுளோரிடா, ஜார்ஜியா வரை, நிறவெறி ஊறிப்போன ஆறு தென் மாநிலங்கள் அதன்கீழ் இருந்தன. பள்ளிகளில் நிறப் பாகுபாடு கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1954-ல் சொல்லிவிட்டது. அதை மிசிசிப்பியின் தெருவில் நடத்திக்காட்ட வேண்டிய வேலை இவர்களுடையது.

ஜேம்ஸ் மெரிடித் விமானப்படையில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றிய கறுப்பின இளைஞர். 1961 ஜனவரியில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர விண்ணப்பம் கேட்டார். பூர்த்தி செய்து அனுப்பும்போது தான் கறுப்பினத்தவர் என்பதையும் எழுதினார். கடைசி நாள் போய்விட்டது என்று தந்தி வந்தது. பழைய மாணவர்களிடம் நற்சான்றிதழ் வாங்கி வர வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. பழைய மாணவர்கள் எல்லாரும் வெள்ளையர்கள். மெரிடித் வழக்குத் தொடுத்தார். அவருக்காக வாதாடியவர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி. பிற்காலத்தில் ஃபெடரல் நீதிபதியான முதல் கறுப்பினப் பெண்மணி.

பல்கலைக்கழகத்தில் நிறப் பாகுபாடே கிடையாது என்று மாவட்ட நீதிபதி சிட்னி மைஸ் தீர்ப்பளித்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் கறுப்பினத்தவர் என்று தெரிந்து சேர்த்த மாணவர் ஒருவர்கூட அதுவரை இல்லை. கீழ்நீதிபதியின் உண்மை முடிவில் எளிதில் கைவைக்கக் கூடாது என்ற விதி இருக்கிறதே, ஐந்தாவது சர்க்யூட் என்ன செய்யும்? தீர்ப்பு எழுதியவர் ஜான் மைனர் விஸ்டம். நியூ ஆர்லியன்ஸின் மேட்டுக்குடியில் பிறந்த வெள்ளையர். மிசிசிப்பி நிறப் பிரிவினையைக் கொள்கையாகக் கடைப்பிடிக்கிறது என்பது ஊரறிந்த உண்மை, அதற்குத் தனியே சாட்சி தேவையில்லை என்று 1962 ஜனவரியிலேயே அவர் எழுதினார். நற்சான்றிதழ் விதி கறுப்பின மாணவர்களைப் பொறுத்தவரை செல்லாது என்றும் சொன்னார். அந்த ஜூன் 25 அன்று, 2-க்கு 1 என்ற கணக்கில், மெரிடித்தைச் சேர்க்க உத்தரவிட்டது அமர்வு. நிராகரித்ததற்கு ஒரே காரணம் அவருடைய நிறம் என்று வெளிப்படையாக எழுதியது.

உத்தரவு நிறைவேறவில்லை. அமர்விலேயே இல்லாத, அதே நீதிமன்றத்தின் இன்னொரு நீதிபதியான பென் கேமரன் தடை விதித்தார். அமர்வு தடையை நீக்கியது. கேமரன் மறுபடி தடை விதித்தார். இப்படி நான்கு தடவை. செப்டம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஹியூகோ பிளாக் தலையிட்டு எல்லாத் தடைகளையும் அகற்றினார். பிறகு ஆளுநர் ராஸ் பார்னெட் தானே முன்னின்று மெரிடித்தைத் திருப்பி அனுப்பினார். ஐந்தாவது சர்க்யூட் கூடி, பதவியில் இருக்கும் ஆளுநரை நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்று அறிவித்தது. பணியாவிட்டால் நாளொன்றுக்கு 10,000 டாலர் அபராதம், கைது. செப்டம்பர் 30 இரவு பல்கலைக்கழக வளாகத்தில் கலவரம் வெடித்து இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் காலை, ராணுவப் பாதுகாப்போடு மெரிடித் வகுப்பில் சேர்ந்தார். 1963-ல் பட்டம் பெற்றார்.

விஸ்டம், எல்பர்ட் டட்டில், ஜான் பிரவுன், ரிச்சர்ட் ரைவ்ஸ் ஆகிய நால்வரையும் ‘அந்த நால்வர்’ என்று பழித்தவர் அதே கேமரன்தான். இன்று அந்தப் பெயரே அவர்களுக்குப் பெருமை. அன்று விலை கொடுத்தார்கள். விஸ்டமின் நாய்களுக்கு விஷம் வைத்தார்கள். தோட்டத்தில் பாம்புகளை வீசினார்கள். ரைவ்ஸுடைய மகனின் கல்லறையை அலங்கோலப்படுத்தினார்கள். விஸ்டமும் டட்டிலும் பிரவுனும் குடியரசுக் கட்சி அதிபர் ஐசனோவர் நியமித்தவர்கள். ரைவ்ஸ் ஜனநாயகக் கட்சியின் ட்ரூமன் நியமித்தவர். நியமித்த அதிபரின் கட்சியைச் சொன்னால் தீர்ப்பையும் சொல்லிவிடலாம் என்று இன்று பேசுகிறார்கள். ஐந்தாவது சர்க்யூட் இன்று பழமைவாதிகள் தேடிப்போகும் நீதிமன்றம், ஒன்பதாவது நீண்ட காலம் தாராளவாதிகளின் புகலிடம் என்பதில் உண்மை இருக்கவே செய்கிறது. நால்வரின் காலத்தைப் படித்தவர்கள் அதை விதியென ஏற்க மாட்டார்கள்.

வாஷிங்டனில் உள்ள டி.சி. சர்க்யூட்டில் 2020 முதல் தலைமை நீதிபதியாக இருப்பவர் ஸ்ரீ ஸ்ரீனிவாசன். சண்டிகரில் பிறந்து கான்சஸில் வளர்ந்தவர். தந்தையின் பூர்வீகம் திருநெல்வேலி அருகே ஒரு கிராமம். தெற்காசிய வம்சாவளியில் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிபதியான முதல் ஆள். 2013-ல் செனட் அவரை 97-க்கு 0 என்று ஏற்றது. அப்படியொரு வாக்கெடுப்பை இன்றைய அமெரிக்காவில் கற்பனை செய்வதே கடினம்.

காரணம் எழுதாத தீர்ப்புகள்

விஸ்டமும் ஹேண்டும் எழுதியவை பக்கம் பக்கமான காரணங்கள். இன்று மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் முடிவுகளில் பத்தில் எட்டுக்கு மேல் ‘வெளியிடப்படாதவை’ என்ற முத்திரையோடு வருகின்றன. இணையத்தில் படிக்கலாம், ஆனால் முன்னுதாரணமாக எந்த அமர்வையும் கட்டுப்படுத்தாது. பல, இரண்டு மூன்று பத்திகளில் முடிந்துவிடும். சிலவற்றில் ‘உறுதி செய்யப்பட்டது’ என்பதைத் தவிர அதிகம் இருக்காது.

இதை எதிர்த்து ஒரு நீதிபதி எழுந்தார். எட்டாவது சர்க்யூட்டின் ரிச்சர்ட் ஆர்னால்ட். வழக்கு சின்னது. 6,436 டாலர் வரியைத் திருப்பிக் கேட்ட பெண்ணின் மனு ஒரு நாள் தாமதமாக வந்து சேர்ந்தது. அவருக்குப் பாதகமான பழைய தீர்ப்பு ஒன்று இருந்தது. அது வெளியிடப்படாதது, எனவே கட்டுப்படுத்தாது என்று அந்தப் பெண் வாதாடினார். 2000 ஆகஸ்ட்டில் ஆர்னால்ட் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தார். ‘இன்று முடிவு செய்கிறோம், நாளை எங்களைக் கட்டுப்படுத்தாது’ என்று சொல்லும் அதிகாரத்தை அரசியல் சாசனம் எந்த நீதிபதிக்கும் தரவில்லை என்றார். அதன்பிறகு அரசு அந்தப் பெண்ணுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டது. வழக்கில் இனி பொருளில்லை என்று தீர்ப்பும் ரத்தானது. இத்தகைய தீர்ப்புகளைக் குறிப்பிடவே கூடாது என்று சில நீதிமன்றங்கள் வைத்திருந்த தடை 2007-ல் நீங்கியது. கட்டுப்படுத்துமா என்ற கேள்வியில் ஆர்னால்டின் பக்கம் இன்றும் தனித்தே நிற்கிறது.

மேல்முறையீடுகளில் ஏறக்குறைய பாதி, வழக்கறிஞர் இல்லாமல் தாங்களே எழுதி அனுப்புகிறவர்களுடையது. அவர்களில் பெரும்பகுதி கைதிகள். ஏழாவது சர்க்யூட்டின் புகழ்பெற்ற நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் 36 ஆண்டுகளுக்குப் பிறகு 2017-ல் பதவியை விட்டு விலகியபோது சொன்ன காரணம், இவர்களை நீதிமன்றம் நடத்தும் விதம். அவர்களுடைய மனுக்களை முதலில் படித்துக் குறிப்பு எழுதுகிறவர்கள் நீதிமன்ற ஊழியர்களான வழக்கறிஞர்கள். மனுதாரரின் வாதத்தை நீதிபதிகள் உண்மையிலேயே பார்ப்பதில்லை என்பது போஸ்னரின் குற்றச்சாட்டு.

அவர்களுக்குக் காலக்கெடுவும் சேர்ந்துகொள்கிறது. சிவில் வழக்கில் தீர்ப்பு வந்து 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு தர வேண்டும். அரசு ஒரு தரப்பாக இருந்தால் 60 நாள். குற்ற வழக்கில் தண்டனை பெற்றவருக்கு 14 நாள். சிறைக்குள் இருக்கிறவரால் நீதிமன்ற வாசலுக்கு ஓட முடியாது. அதனால், சிறை அதிகாரியிடம் கடிதத்தைக் கொடுத்த கணமே தாக்கல் செய்ததாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1988-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த மனிதாபிமானம் 2007-ல் காணாமல்போனது. ஒஹையோவில் கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஒருவருக்கு மேல்முறையீட்டுக்கான காலத்தை மாவட்ட நீதிபதி நீட்டித்தார். சட்டப்படி 14 நாள்தான் தரலாம்; நீதிபதி தவறுதலாக 17 நாள் தந்து, கடைசித் தேதியை உத்தரவிலேயே எழுதினார். அந்தத் தேதிக்கு முந்தைய நாள், அதாவது 16-வது நாள், மேல்முறையீடு தாக்கலானது. ஆறாவது சர்க்யூட் அதைத் தள்ளியது. உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று ஆமோதித்தது. கெடு என்பது நீதிமன்றத்தின் அதிகார எல்லை. நீதிபதியின் பிழையாக இருந்தாலும் அதை யாரும் தளர்த்த முடியாது. நீதிபதி எழுதிக் கொடுத்த தேதியை நம்பியவரை நீதித்துறையே இப்படி நடத்துவது பொறுக்க முடியாதது என்ற பொருளில் டேவிட் சூட்டர் எதிர்த்தீர்ப்பு எழுதினார். அந்த வழக்கைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் நான் சூட்டரோடு நிற்கிறேன்.

நீதிபதிகளின் மீது மட்டும் பழியைப் போடுவது நியாயமாகாது. 13 நீதிமன்றங்களுக்கும் சேர்த்து 179 பதவிகள். நாடாளுமன்றம் கடைசியாகப் பெரிய அளவில் பதவிகளைக் கூட்டியது 1990-ல். அதன்பிறகு நாட்டின் மக்கள்தொகை 8 கோடிக்கு மேல் கூடிவிட்டது. 2024-ல் 60-க்கும் மேற்பட்ட நீதிபதி பதவிகளை உருவாக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நியமிக்கப்போவது யார் என்ற சண்டையில் அதிபர் பைடன் அதைத் தன் அதிகாரத்தால் நிறுத்தினார். நிறைவேறியிருந்தாலும் அந்தப் பதவிகள் எல்லாம் மாவட்ட நீதிமன்றங்களுக்குத்தான். அங்கே கூடும் ஒவ்வொரு தீர்ப்புக்கும் மேல்முறையீடு வரும் இடத்துக்கு ஒரு நாற்காலிகூட அதில் கேட்கப்படவில்லை.